இன்று வரைக்கும் தடை

என்னைவிடப் பெரிய மடையன் தாராவியில் இல்லை. உச்ச நீதிமன்றத்தில் எல்லா நீதிபதிகளும் வரிசையாக உட்கார்ந்துதான் ஒவ்வொரு வழக்கையும் கேட்பார்கள் என்று நினைத்து, "முப்பது பேர்ல ஒருத்தராவது நம்ம பக்கம் பேசமாட்டாரா வே?" என்று சந்து முழுக்கத் தைரியம் சொல்லித் திரிந்தேன்.

எங்கள் தோல்பைப் பட்டறைகளை மாநகராட்சி இடிக்காமலிருக்க நாங்கள் அங்கே வாங்கியிருந்த தடை, அடுத்த விசாரணை வரைக்கும்தான். விசாரணை நாள் வந்தது. காலையிலேயே சந்து முனையில் புல்டோசரும் வந்து நின்றது.

பதினோரு மணிக்கு டெல்லியிலிருந்து வக்கீல் போன் செய்தார். எங்கள் வழக்குக்கு உட்கார்ந்தது இரண்டே நீதிபதிகள். அதில் ஒருவர் முன்பு எதிர்த்தரப்புக்கு வக்கீலாக இருந்தவராம். தான் கேட்பது முறையல்ல என்று விலகிவிட்டார். இனி தலைமை நீதிபதி வழக்கை வேறு பெஞ்சுக்கு மாற்ற வேண்டும். என்றைக்கு என்று தெரியாது.

"அதுவரைக்கும் தடை இருக்கா சார்?"

"அதையும் புது பெஞ்ச்தான் சொல்லணும்."

பட்டறையில் என் கூட்டாளி, மனைவியின் தம்பி. அவனிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "நேர்மையான மனுசன், மாப்ளே! பாராட்டணும்லா?"

வெளியே புல்டோசர் உறுமத் தொடங்கியது. அவன் தையல் மெஷினின் ஒரு முனையைத் தூக்கினான்.

"அந்தப் பக்கம் புடிங்க, மச்சான்."