இரண்டாவது காது

பறவைக் கூட்டின் ரகசியத்தை இரண்டு பேர்தான் வைத்துக்கொள்ளலாம் என்பது சுப்ரியா அக்கா போட்ட சட்டம். மூன்றாவது காதில் விழுந்தால் பறவை கூட்டை விட்டுப் போய்விடுமாம். மகள் தாரணி கத்திக் கலைத்துவிடாமல் இருக்க எப்போதோ கட்டிவிட்ட கதை. தாரணி அதை அப்படியே நம்பினாள். கூடு கண்டால் ஓடிவந்து, அக்காவின் காதைக் கையால் மறைத்துக்கொண்டு ஊதுவாள். தாய்மாமன் எனக்கு அந்தச் சூடான காற்றில் பங்கு கிடைத்ததே இல்லை.

அக்காவுக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. பாதி மாதம் இரவு ஷிப்ட். ஸ்ரீஹர்ஷா மாமாவைப் பிரிந்தபோது, ராத்திரியில் பிள்ளை தனியாக இருக்கக் கூடாதென்று அவளே தாரணியை அவரிடம் விட்டாள். போன வருஷம் அவர் வீணாவைக் கட்டிக்கொண்டார். அக்காவுக்குப் பிள்ளையோடு மாதத்தில் ஒரு ஞாயிறு.

யுகாதிக்கு முந்தின ஞாயிறு லால்பாக் தோட்டத்துக்குப் போவதாக இருந்தது. அதற்கு முந்தின நாள் காலை, இரவு ஷிப்ட் முடிந்ததும் அக்கா அடுகோடியில் எங்கள் வீட்டுக்கு வராமல் நேரே அங்கே போய், மரம் மரமாகப் பார்த்துவிட்டு வந்தாள். குக்குறுவான் பறவையின் பொந்து ஒன்று கிடைத்ததாம். எந்த மரம் என்று கேட்டேன்.

"உனக்குச் சொல்லிட்டா அவ எப்படிடா எங்கிட்ட சொல்லுவா?"

மறுநாள் இலவம்பூ தரையெல்லாம் கிடந்தது. தாரணி பெயர்களை மறந்திருக்கவில்லை. மைனா, செம்போத்து என்று சொல்லிக்கொண்டே வந்தாள். புங்கந்தளிரைக் கன்னடத்தில் 'ஹொங்கே' என்றவள் தானே திருத்திக்கொண்டாள். அக்கா ஏதோ கால் போன பக்கம் நடப்பதுபோல அவளை அந்த மரத்தடிக்குக் கூட்டிப்போனாள். பட்ட கிளையைப் பார்த்துத் தாரணி நின்றாள். பொந்திலிருந்து குக்குறுவான் தலை எட்டிப் பார்த்தது. அக்கா குனிந்து, முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள்.

"அம்மா, உன் ஃபோன் குடேன்."

படம் எடுக்கத்தான் என்று நினைத்தேன். தாரணி தள்ளிப்போய், ஃபோனைக் கையால் மறைத்து அதில் ஊதினாள். வாய்ஸ் மெசேஜ். திரும்பி வந்து, வீணாம்மாவிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். அக்கா இன்னும் குனிந்தே இருந்ததை அப்போதுதான் கவனித்தாள் போலிருக்கிறது.

"உனக்குச் சொல்ல முடியாதும்மா. ரெண்டு பேருக்கு மேல தெரிஞ்சா போயிடும்னு நீதான சொன்ன?"

"ஆமா கண்ணு. சொல்லாத."

தான் ஏற்கெனவே பார்த்துவிட்டதை அக்கா சொல்லவில்லை. மேலே குக்குறுவான் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. அவள் தலையைத் தூக்காமல் மரத்தைக் கடந்தாள்.

சாயங்காலம் பிள்ளையை மாமா வீட்டில் விட்டுவிட்டு பஸ் ஏறினோம். அனுப்பிய குரல் அக்காவின் ஃபோனிலேயே இருந்தது. நம்ம பிள்ளை குரல்தானே, போட்டுக் கேட்கலாமே என்றேன். அவள் ஃபோனை மடியில் கவிழ்த்து வைத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"வேணாம்டா. நான் கேட்டா மூணாவது காது."