கடல் உப்பா என்று கேட்டார்கள்

கல்கிசைக் கடற்கரையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அங்கே போய் வந்தவர்கள் எல்லாரும் காற்றைப் பற்றிப் பேசுவார்கள், அலையைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு ஞாபகம் வருவது மடக்கிய குடையோடு நின்ற என் கணவர்தான்.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் கணக்கப்பிள்ளையாக இருந்தார். கொழுந்து எடுக்கிற ஆட்களை மலையில் நின்று மேய்க்கிற வேலை. நான் ஹட்டன் டவுனில் கடைக்காரர் வீட்டில் வளர்ந்தவள். தோட்டத்து வழக்கமெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு படித்ததுதான். அதில் ஒன்றை மட்டும் என்னால் கடைசிவரை விழுங்க முடியவில்லை. தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரத் துரையின் கார் சத்தம் கேட்டால் ரோட்டில் போகிறவர்கள் அத்தனை பேரும் ஓரத்துச் சாக்கடைக் காணுக்குள் இறங்கிவிட வேண்டும். மழை கொட்டினாலும் குடையை மடக்கிவிட வேண்டும். கார் வளைவில் மறைந்த பிறகு மேலே ஏறிக்கொள்ளலாம். என் மகள் ஒழுங்காக ஓடப் பழகுவதற்கு முன்பே காணில் இறங்கப் பழகிவிட்டாள். "புள்ளைக்கு என்ன மரியாத தெரியுது பாரு" என்று அவருக்கு அதில் பெருமை வேறு.

அவளுக்கு ஆறு வயதிருக்கும்போது, கடல் தண்ணீர் உப்பாக இருக்கும் என்று தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் சொல்லியிருக்கிறார். ஒரு பிள்ளையும் நம்பவில்லை. அவர்களுக்குத் தெரிந்த தண்ணீர் மலையிலிருந்து பீலி வழியாக விழுகிற தண்ணீர்தான். அவ்வளவு தண்ணீருக்கு யார் உப்புப் போடுவார்கள், அத்தனை உப்பை எந்தக் கடையில் வாங்குவார்கள் என்று பீலிக்கரையில் பெரிய வழக்கு நடந்தது. சித்திரை லீவுக்கு நாங்கள் கொழும்புக்குப் போகப்போகிறோம் என்று தெரிந்ததும், வாயில் வைத்துப் பார்த்து வந்து தீர்ப்புச் சொல்கிற பொறுப்பை என் மகள் தலையில் கட்டிவிட்டார்கள். அவள் பொம்மை கேட்கவில்லை, புதுச்சட்டை கேட்கவில்லை. "அம்மா, நக்கிப் பாத்துட்டு வந்து சொல்லணும்மா. எல்லாரும் கேப்பாங்க" என்று தூக்கத்திலும் அதே பேச்சு. கட்டாயம் கூட்டிப்போகிறேன் என்று நானும் வாக்குக் கொடுத்தேன்.

கொட்டாஞ்சேனையில் அவருடைய அண்ணன் வீட்டில் போய் இறங்கினோம். இரண்டு பிள்ளைகள், துணிப்பெட்டி, வெக்கையில் புழுங்கிப்போன ஒரு மூட்டை லீக்ஸும் முட்டைக்கோசும். "ஊருல உள்ள பணக்காரனெல்லாம் குளிருக்கு நுவரெலியாவுக்கு ஏறுறான். நீங்க வேகுறதுக்கு எறங்கி வந்திருக்கீங்களே" என்று அவருடைய அண்ணி சிரித்தார். அது வேடிக்கைப் பேச்சில்லை. அன்றைக்கு ராத்திரியே சின்னவனுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. கம்பளி இல்லாமல் படுத்தறியாத பிள்ளைகள் சிமெண்டுத் தரையில் வெறும் உடம்போடு உருண்டார்கள்.

மறுநாள் கடலுக்குப் போகலாமா என்றேன். கோயிலுக்குப் போகாமல் கடலுக்குப் போவதா என்றார் என் கணவர். அதற்கு அடுத்த நாள் தூரத்து உறவுக்காரர் ஒருவரைப் பார்க்கப் போனோம். அவர் வீட்டில் இல்லை, அவருக்காகச் சாயந்தரம்வரை காத்திருந்தோம். பிறகு சின்னவனுக்கு வயிற்றுப்போக்கு. "கடல் எங்க ஓடிறப் போவுது?" என்று ஒவ்வொரு நாளும் கேட்டார். கடல் ஓடாது, லீவு ஓடுகிறதே என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

தெருவில் அவரோடு நடப்பது அதைவிடக் கொடுமை. எங்கே கார் ஹார்ன் அடித்தாலும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொள்வார், குடை தானாகச் சுருங்கிவிடும். கொழும்பில் காருக்குப் பஞ்சமா? "ஏன் தம்பி, ஒவ்வொரு காருக்கும் இப்புடி ஒதுங்கி நின்னா நாம என்னைக்குச் சந்தைக்குப் போய்ச் சேர்றது?" என்று அண்ணியே கேட்டுவிட்டார். எனக்கு மானம் போயிற்று.

கடைசி நாள் வந்தது. ராத்திரி ரயிலில் ஊருக்குத் திரும்ப வேண்டும். காலையிலேயே நான் பிள்ளைகளைக் கிளப்பி வாசலில் நிறுத்திவிட்டேன். இன்றைக்கும் கடல் இல்லையென்றால் ஊருக்கு நான் வரப்போவதில்லை என்று அவருக்குக் கேட்கும்படி சுவரிடம் சொன்னேன். கோட்டை ஸ்டேஷனில் ரயில் ஏறிக் கல்கிசையில் இறங்கினோம்.

மணலைக் கண்டதும் மகள் என் கையை உதறிக்கொண்டு ஓடினாள். பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, நாக்கை அப்போதே நீட்டிக்கொண்டு. அலை வந்து நிற்கிற இடத்துக்கு இன்னும் கொஞ்சத் தூரம்தான். அப்போது பின்னால் அவர் குரல் கேட்டது.

"தொர!"

அவர் கத்தவில்லை, மெல்லத்தான் சொன்னார். ஆனால் மகள் அப்படியே நின்றுவிட்டாள். திரும்பி ஓடிவந்து அப்பா பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளை யாரும் கூப்பிடக்கூட இல்லை.

இடுப்பளவு தண்ணீரில் ஒரு வெள்ளைக்காரர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கொஞ்சம் தள்ளி அவர் மனைவியும் பிள்ளைகளும். என் கணவர் தொப்பியைக் கழற்றிவிட்டார், குடையை மடக்கிவிட்டார். இறங்கி நிற்கக் கடற்கரையில் காண் ஏது? மணலில் ஏற்றிப் போட்டிருந்த ஒரு வள்ளத்துக்குப் பின்னால் சின்னவனையும் இழுத்துக்கொண்டு ஒதுங்கினார்.

"நம்ம தொரையா?" என்றேன்.

"அந்த முதுகப் பாரு. அவுங்களேதான்."

"இருக்கட்டுமே. கடல் என்ன அவுங்க தோட்டமா?"

"கத்தாத. லீவு குடுத்தவங்க கண்ணு முன்னாடியே கும்மாளம் போடச் சொல்றியா? நாளன்னைக்கு பெரட்டுல நிக்கப் போறவன் நான்."

காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற அந்தப் பெரட்டுக் களம், மலையிலிருந்து இறங்கிக் கல்கிசைவரைக்கும் எங்கள் பின்னாலேயே வந்திருந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மகளின் கையைப் பிடித்து இழுத்தேன். "வாடி, நான் இருக்கேன்." அவள் குதிகாலை மணலில் ஊன்றிக்கொண்டாள். "தொர குளிக்கிறாங்கம்மா" என்றாள், என்னமோ எனக்குக் கண் தெரியாது என்பது போல.

நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தனியாக இறங்கினேன். இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளிக்கொண்டு வந்து அவள் முன்னால் குந்தினேன். "இந்தா, ஒரு சொட்டு நக்கிப் பாரு. இதுக்குத்தானே வந்த?" அவள் உதட்டை இறுக மூடிக்கொண்டாள். கண் என் தோளுக்கு மேலே அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தது. அத்தனை நாள் கேட்ட கடல் என் கையில் இருந்தது, பிள்ளை வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் விரலிடுக்கில் வடிந்து முழங்கையில் ஒழுகி மணலில் போய்விட்டது.

சற்று நேரத்தில் வெள்ளைக்காரர் கரையேறினார். காதைத் துடைத்துக்கொண்டே எங்களுக்குப் பக்கத்தில் நடந்து போனார். சிவந்த மீசை, சின்ன வயது. எங்கள் துரையே இல்லை. எங்களை அவர் பார்க்கவும் இல்லை.

"பாத்தீங்களா? நம்ம தொர இல்ல" என்றேன்.

தொப்பி இன்னும் என் கணவர் கையிலேயே இருந்தது. "எந்தத் தொரையா இருந்தா என்ன?" என்றார்.

அந்த வெள்ளைக்காரருடைய மனைவியும் பிள்ளைகளும் இன்னும் தண்ணீரில்தான் இருந்தார்கள். வெயிலில் சின்னவன் வீறிட்டு அழத் தொடங்கினான். பெட்டி கட்ட வேண்டும், ராத்திரி ரயிலுக்கு நேரமாகிறது என்று அவர் ஸ்டேஷனைப் பார்த்து நடந்தார். மகள் அப்பா பின்னாலேயே போனாள். என் கால் மட்டும்தான் ஈரம்.

திரும்பி வந்த அன்று சாயந்தரம் நான் பீலியில் குடத்தை வைத்துவிட்டு நின்றேன். பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"உப்பா?"

"தெரியாது" என்றாள். "தொர குளிச்சிக்கிட்டு இருந்தாங்க. நாங்க ஒதுங்கி நின்னோம்."

யாராவது ஒரு பிள்ளை கேலி செய்யாதா, அதனாலென்ன என்று கேட்காதா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"அப்பச் சரி" என்றான் ஒருவன். எல்லாரும் விளையாடப் போய்விட்டார்கள்.