புது ரோடும் கெட்டிப் பெயின்டும்

விரல் ஒன்று கப்பின் அடித்துளையை மூடியிருந்தது. மறு கை பெயின்டை விளிம்பு தட்ட ஊற்றியது. விரலை எடுத்ததும் ஸ்டாப்வாட்ச் ஓடியது. ஒழுகும் இழை அறுந்ததும் நின்றது. இருபத்திரண்டு நொடி. பெயின்டின் கெட்டியை இப்படி நொடியில் அளப்பதே இருபது வருடமாக அவள் வேலை. தொழிற்சாலையில் அவளுக்கு 'நொடியக்கா' என்றே பேராகிவிட்டது.

இப்போது அந்த நொடியில்தான் வந்தது வினை. வாங்கும் கம்பெனியின் சோதனை அதிகாரி இரண்டு லோடுகளைத் திருப்பிவிட்டார். லோடோடு சீல் வைத்துப் போகும் மாதிரி டின் அவர் கப்பில் முப்பத்தெட்டு நொடி காட்டியதாம், அவ்வளவு கெட்டியாம். மூன்றாவதும் திரும்பினால் அவள் டின்னுக்கு லேபிள் ஒட்டப் போகலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அதிகாரிக்குப் போன் போட்டாள். "சார், கலக்கிட்டு அளந்தீங்களா?"

"கலக்குனா எந்தக் கெட்டியும் இளகும்மா. அதுக்குப் பேரு தகிடுதத்தம். முன்னாடியும் திறந்ததும்தானே அளந்தேன்? அப்ப சரியா வந்துச்சே."

அதுதான் அவளைக் குடைந்தது. சும்மா இருந்தால் தயிராய் உறைவதும் கிளறினால் இளகுவதும் அந்தப் பெயின்டின் பிறவிக்குணம். பிரஷ்ஷுக்கு இளகி, சுவரில் வழியாமல் நிற்பதே அதனால்தான். சரக்கு மாறவில்லை, பக்குவம் மாறவில்லை. பிறகு முன்பு எப்படித் தேறியது?

விடை லாரி டிரைவரிடமிருந்து வந்தது. "புது ரோடு போட்டதுலேர்ந்து சொகமா இருக்குக்கா. முன்னெல்லாம் ரெண்டு மணி நேரம் குலுங்கிக் குடலே வாய்க்கு வந்துரும். இப்ப தூங்கிட்டே ஓட்டலாம்."

"பெயின்டும் தூங்கிட்டுத்தான் போகுது," என்றாள்.

மூன்றாவது லோடோடு அவளும் ஏறிக்கொண்டாள். மாதிரி டின்னை மடியில் வைத்து, சீல் உடையாமல், வழி நெடுகக் குலுக்கிக்கொண்டே போனாள்.

டிரைவர் ஓரக்கண்ணால் பார்த்தான். "புள்ளையத் தாலாட்டுறீங்களா?"

"தாலாட்டுனா தூங்கிரும். நீ ரோட்டைப் பாரு."

அதிகாரி டின்னின் சீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திறந்த கையோடு அளந்தார். இருபத்துமூன்று நொடி.

"பாத்தீங்களா? கலக்காமலே வருது. ஒழுங்கா செஞ்சா வராமலா போகும்?"

தோள் இரண்டும் கழன்று விழும்போல் இருந்தது அவளுக்கு. "நீங்க சொன்னா சரிதான் சார்," என்று சொல்லி, லோடின் பூட்டுச் சாவியை அவர் கையில் கொடுத்தாள்.