ரைபிளுக்கு நான் கொடுத்த நற்சான்று

துப்பாக்கியைப் பற்றி ஒருவன் இரண்டு மணி நேரம் அறுத்தாலும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் தலையெழுத்து. என்னோடு ஒரே ஆபீசில் வேலை செய்யும் தமிழ்நாட்டுக்காரன் அவன். பக்குரங்கா என்ற புறநகரில் வீடு, மனைவி, ஒரு மகள். வேட்டைக்குப் போகும் வெள்ளைக்காரன் ஒருவன் கொடுத்த வெற்றுத் தோட்டாவைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பான். சாப்பாட்டு மேசையில் அதை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தொடங்குவான்.

"சின்ன ரைபிள் முயலுக்கு, பெருசு யானைக்கு. ஒன்பது புள்ளி மூணு மில்லிமீட்டர் இருக்கே, அதுதான் நடுத்தரம். குண்டு கனம், வேகம் கம்மி. மானை ஒரே குண்டுல சாய்க்கும், கறியும் சிதறாது."

கறி மேல் என்ன கரிசனம்! எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பித்தளையை நானும் ஒருமுறை கையில் எடுத்தேன். விரல் நீளம், வழவழப்பு, குளிர்ச்சி. திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. அதில் எரிச்சல் இன்னும் கூடியது.

அவன் கையில் ரைபிள் இருக்கக்கூடாது என்பதற்கு எனக்கு ஒரு காரணம் போதும். ஒரு ஜூலை ஞாயிறு, இங்கே அது குளிர்காலம், அவன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். குளிரில் தயிர் உறையவில்லை என்று கிண்ணத்தைத் தூக்கிச் சுவரில் அடித்தான். மகள் மேசைக்கு அடியில் போய்விட்டாள். மனைவி சுவரைத் துடைத்துக்கொண்டே, "வேலையில டென்ஷன், அண்ணா" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் தலையைக் குனிந்து மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தேன்.

இங்கே துப்பாக்கி லைசென்ஸ் கேட்டால் மனைவியிடமும் வெளியாள் ஒருவரிடமும் விசாரிப்பார்கள். வெளியாளாக என் பெயரைக் கொடுத்துவிட்டுத்தான் என்னிடமே சொன்னான். த்ரீ கிங்ஸ் பகுதியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்த அதிகாரி, வெள்ளைக்காரப் பெண், மரியாதையாகத்தான் கேட்டார்: அவர் கோபத்தில் பொருட்களை எறிவதைப் பார்த்திருக்கிறீர்களா? நம் ஆளை இவளிடம் காட்டிக்கொடுப்பதா என்று ஒரு கேவலமான ரோஷம் வந்தது. இல்லை என்றேன். தங்கமான மனுஷன் என்று, கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன்.

ரைபிள் வந்ததும் விருந்துக்கு அழைத்தான். சாப்பிட்டு முடித்ததும், கராஜில் இருந்த இரும்புப் பெட்டியிலிருந்து அதை எடுத்துவரப் போனான். மனைவி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணா, உங்ககிட்டயும் வந்து கேட்டாங்கல்ல?"

"ஓம், கேட்டவை."

"என்கிட்ட கேட்டப்போ அவர் பக்கத்து ரூம்ல இருந்தார். அவங்க போனதும் என்ன சொன்னேன்னு தோண்டித் தோண்டிக் கேப்பார்னு தெரியும். ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டேன். உங்களுக்கு என்ன பயம்? பார்த்ததை நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நம்பிட்டு இருந்தேன்."

அவன் ரைபிளை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு உள்ளே வந்தான். அவள் தட்டுகளை எடுக்கத் திரும்பிவிட்டாள்.

"எப்படி இருக்கு?" என்றான்.

"நல்லாயிருக்கு" என்றேன்.