இரண்டு சீமை எருவும் ஒரு துணிப்பையும்

பெட்டியின் மூடியை அழுத்தி மூடிவிட்டு, அதன் விளிம்போரமாக மூக்கை வைத்து முகர்ந்தபடி ஒரு சுற்று வருகிறார். வாசம் ஒன்றும் இல்லை. மனசு கேட்காமல் இன்னொரு சுற்று. புல்வெளியில் மேயும் முட்டைக்கோழிகள்கூடத் தலையைத் தூக்கி இந்த மனிதரைப் பார்க்கின்றன. பெட்டிக்குள் இருப்பது அவை போட்ட எச்சம்தான். ஐஸ் கட்டிகளுக்கு நடுவே, இரட்டை பிளாஸ்டிக் உறையில், காற்றுப் புகாமல் பத்திரமாக இருக்கிறது.

எரு பரிசோதனைக் கூடத்தில் மாதிரி எடுப்பது இவர் வேலை. இருபத்தாறு வருஷமாகப் பார்க்கிறார். அலுவலகத்தில் எல்லோருக்கும் இவர் ‘ஐஸ்பெட்டி’. கோழிகளை மரியாதையாகத்தான் கூப்பிடுவார். “மேடம், கொஞ்சம் தள்ளுங்க, உங்க சமாச்சாரம்தான் எடுக்கணும்” என்று சொல்லிக்கொண்டே குனிவார். எச்சத்தைக் குச்சியால் லேசாக அழுத்திப் பார்த்து, “இது நேத்து சாயங்காலம் போட்டது” என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். வீட்டில் மனைவிக்கு இந்தப் பெருமையெல்லாம் எடுபடாது. “சட்டையை வாசல்லயே கழட்டிட்டு வாங்க” என்பதோடு அந்த அம்மாள் பேச்சை முடித்துக்கொள்வார்.

இவ்வளவு ஜாக்கிரதை பிறவியிலேயே வந்ததல்ல. ஆறு வருஷத்துக்கு முன்னால் மலையோரத்து ஈரச் சீமையிலும், தொலைவிலிருக்கும் வறண்ட சீமையிலும் கோழி எருவில் எவ்வளவு தழைச்சத்து இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்கள். அந்தத் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், அளவோடு இருந்தால் புல் செழிக்கும். மிஞ்சினால் புல்லைக் கருக்கிவிட்டு மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றில் கலந்து, கைக்குழந்தைகளுக்கு விஷமாகிவிடும். ஆகவே எந்தச் சீமையில் ஏக்கருக்கு எத்தனை கோழி விடலாம் என்பதை இந்த அளவை வைத்துத்தான் சொல்லமுடியும்.

மலையோரத்து மாதிரி ஒரு மணி நேரத்தில் கூடத்துக்கு வந்துவிடும். வறண்ட சீமையிலிருந்து இரண்டு பஸ் மாறி ஒன்றரை நாள் ஆகும். பிளாஸ்டிக்கில் கட்டினால் வேர்த்துப் புழுத்துவிடும் என்று பயந்து, இவர் துணிப்பையில் கட்டினார். “நல்லா காத்தோட்டமா இருக்கட்டும்” என்று ஜன்னலோரத்தில் வேறு வைத்தார். அக்கறைதான், வேறென்ன சொல்வது? பஸ்ஸில் இருந்தவர்களுக்குக் கண் எரிந்தது. கண்டக்டர் இவரைக் கடைசி ஸீட்டுக்குத் துரத்தினார். “எருன்னா நாறத்தான் செய்யும், ரோஜாப்பூவா கொண்டுபோறேன்?” என்று இவர் சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தார்.

அந்த நாற்றமாகப் பறந்துகொண்டிருந்ததே தழைச்சத்துதான் என்பது அப்போது உறைக்கவில்லை. மீந்ததை அளந்து, வறண்ட சீமை எருவில் சத்துக் குறைவு என்று அட்டவணை போட்டார்கள். மலையோரத்தில் ஏக்கருக்குத் தொண்ணூறு கோழி, வறண்ட சீமையில் நூற்றைம்பது வரை விடலாம் என்று அச்சடித்துக் கொடுத்தார்கள்.

அந்தத் தாளை முதலில் நம்பியவள் வறண்ட சீமையில் ஒரு கோழிக்காரப் பெண். இவரை அண்ணே என்று கூப்பிடுகிறவள். ஏக்கருக்குச் சரியாக நூற்றைம்பது கோழிகளை விட்டாள். இரண்டாம் வருஷம் புல் திட்டுத் திட்டாகக் கருகியது. கிணற்றுத் தண்ணீரில் பால்மாவு கலந்து குடித்த அவளுடைய நான்கு மாதக் குழந்தைக்கு உதடு நீலம் பூத்து, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது. பிழைத்துவிட்டது. “கூண்டை அப்பப்ப நகத்தியிருந்தா இப்படி ஆயிருக்குமா? சோம்பேறித்தனம்” என்று புருஷன் சொன்னான். இன்றைக்கும் சொல்கிறான். அவளும் அப்படித்தான் என்று நம்பிவிட்டாள்.

பிறகு கூடத்துக்குப் புதிதாக ஒரு வேதியியல்காரப் பெண் வந்தாள். ஒரே எருவை இரண்டாகப் பிரித்து, பாதியை ஐஸிலும் பாதியைத் துணிப்பையிலும் ஒன்றரை நாள் வைத்து அளந்து பார்த்தாள். “சார், ரெண்டு சீமைக்கும் வித்தியாசமே இல்ல. உங்க பைக்கும் பெட்டிக்கும்தான் வித்தியாசம்” என்றாள். அட்டவணையைக் காரணம் சொல்லாமல் திருத்தினார்கள். “அந்தக் கோழிக்காரப் பொண்ணுக்குச் சொல்லணும் சார்” என்று இவர் மேலதிகாரியிடம் போய் நின்றபோது, “யாரும் கேக்கலியே, எதுக்குக் கிளறிக்கிட்டு?” என்றுதான் பதில் வந்தது.

இவரும் கிளறவில்லை. பருவத்துக்கு ஒரு முறை அவள் நிலத்துக்குப் போனார். கோழிகளைக் குறைக்கச் சொன்னார். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை. “எல்லாம் என் கை செஞ்ச வேலைண்ணே” என்று அவள் சொல்லும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு எச்சம் பொறுக்கினார். அந்த வெட்கம் சோற்றில் உட்கார்ந்துகொண்டது, தூக்கத்திலும் உட்கார்ந்துகொண்டது.

போன மாதம் போயிருந்தபோது, புருஷன் அதே பேச்சை இவர் முன்னாலேயே எடுத்தான். அவள் ரோட்டுக் குழாய்க்குப் போக இரண்டு காலி கேன்களைக் கைக்கொன்றாக எடுத்துக்கொண்டு கிளம்பினாள். குழாய் ஒரு மைல். இவர் பின்னாலேயே போனார்.

“உன் மேல தப்பில்லம்மா. நான் எருவைத் துணிப்பையில கொண்டுபோனேன். சத்து பாதி வழியிலயே போயிடுச்சு. மிச்சத்தை அளந்துதான் உனக்கு நூத்தைம்பதுன்னு சொன்னாங்க. கிணறு கெட்டது என்னாலதான்.”

அவள் நின்றாள்.

“இது உங்களுக்கு எப்பண்ணே தெரியும்?”

“ரெண்டு வருஷமாச்சு.”

அவள் திரும்பி வீட்டுப் பக்கம் பார்த்தாள்.

“அவர்கிட்டயும் வந்து இதைச் சொல்லுங்க” என்றாள்.

“சொல்றேன்ம்மா. இன்னைக்கே சொல்றேன்.”

அவள் மறுபடி நடக்கத் தொடங்கினாள். இவர் எட்டி நடந்து பக்கத்தில் வந்து, ஒரு கேனையாவது வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். அவள் இந்தப் பக்கத்துக் கேனையும் அந்தப் பக்கத்துக் கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.