இரண்டாம் தொட்டிக்குப் போட்ட விபூதி

நான் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிற கட்டடத்தில், மூன்றாவது மாடியில், கடல் ஒன்று இருந்தது. பெங்களூரில் ஏது கடல் என்று கேட்பீர்கள். அதற்கென்று விற்கிற உப்பைப் பிரித்து, வடிகட்டிய தண்ணீரில் கொட்டிக் கலக்கி, நீல டிரம்மில் ஒரு நாள் விட்டால் கடல் தயார். அங்கே ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிற பெண் அப்படித்தான் செய்வாள். தரையைத் துடைத்து, டிரம் கழுவி, அவள் சொன்ன வேலைகளைச் செய்வது என் பாடு.

"ஏய், கடலே இல்லாத ஊர்ல கடலைப் பெருக்கித் துடைக்கப் போற ஒரே ஆளு நீதான்டீ" என்பார் என் வீட்டுக்காரர். அவர் ஆடுகோடியில் லேத் பட்டறையில் இருக்கிறார். நீலசந்திராவில் எங்கள் வீட்டிலிருந்து இருவரும் ஒரே நேரத்தில்தான் கிளம்புவோம். அவர் நடந்துபோய்விடுவார், நான் பஸ் பிடிப்பேன்.

அந்த அறையில் மூன்று கண்ணாடித் தொட்டிகள். மூன்றிலும் கடல் முள்ளெலி. பெயரைக் கேட்டு எலி மாதிரி இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் முதல் நாள் போனேன். பார்த்தால் ஊமத்தங்காய். உருண்டையாக, சுற்றிலும் முள்ளாக. கண் இல்லை, முகம் இல்லை. வாய் அடியில் இருக்கிறது. முள்ளுக்கு நடுவே நூல் மாதிரிக் கால்கள் நீண்டு நீண்டு கண்ணாடியைப் பிடிக்கும். காய்ந்த பாசியைப் போட்டால் அரை நாளில் ஏறி உட்கார்ந்து அரைத்துத் தின்றுவிடும்.

முதல் தொட்டியில் நல்ல தண்ணீர். இரண்டாவதில் புளித்த தண்ணீர். மூன்றாவதில் புளித்த தண்ணீரோடு பிளாஸ்டிக் தூளும் துண்டும். எதற்கு இந்தக் கொடுமை என்று கேட்டேன். அந்தப் பெண் ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரைக்காரி. என்னை அக்கா என்பாள், நான் பாப்பா என்பேன்.

"நாம வுடுற புகை இருக்குல்லக்கா, கார்ப் புகை, ஃபேக்டரிப் புகை, அதுல ஒரு பங்கைக் கடல் குடிச்சிருது. சோடாவுல அடைக்கிறாங்களே, அதே காத்து. குடிக்கக் குடிக்கக் கடல் கொஞ்சங் கொஞ்சமாப் புளிப்பாகுது. இதுங்க ஓடு சுண்ணாம்பு. புளிப்புல சுண்ணாம்பு என்னாகும்?"

"கரையும்."

"அம்புட்டுத்தான். கரைஞ்சா செத்துருமா, இல்ல தாங்கிக்குமா? அதைப் பாக்கத்தான் நான் இங்க உக்காந்திருக்கேன்."

மூன்றாவது தொட்டியைப் பற்றி வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. இந்த ஜாதி முள்ளெலிக்கு ஒரு பழக்கம்: கீழே கிடக்கிற கிளிஞ்சலையும் கல்லையும் பொறுக்கித் தன் தலைமேல் வைத்துக்கொள்ளும். வெயில் படக்கூடாது என்றோ ஆள் தெரியக்கூடாது என்றோ. மூன்றாவது தொட்டியில் அது பாட்டில் மூடித் துண்டை எடுத்து வைத்துக்கொண்டு நின்றது. ஊரில் சாக்கடை வந்து விழுகிற இடத்தில் இப்படித்தான் நிற்கும் என்றாள் அந்தப் பெண்.

எனக்கு அப்போது எதுவும் பெரிதாகப் படவில்லை. கர்ப்பப்பையை எடுத்த ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்றரை வருஷமாக அப்படித்தான் இருந்தேன். வலி போய்விட்டது. வலியோடு வேறு எதுவோவும் போய்விட்டது. காலையில் குளித்து, முருகனுக்கு விளக்கேற்றி, விபூதி பூசி, கவசம் சொல்லாமல் வாசல் தாண்டியதில்லை. ஆனால் வாய் பாட்டுக்குச் சொல்லும். முன்னெல்லாம் சொல்லும்போதே கண் கலங்கும். இப்போது சொல்லி முடித்த பிறகு, சொன்னேனா என்று சந்தேகம் வரும்.

அதனால் எனக்குக் கொடுத்த வேலை எனக்குச் சுலபமாக இருந்தது. தினமும் காலையில் போனதும் ஒவ்வொரு தொட்டியின் அடியிலும் உதிர்ந்து கிடக்கிற முள்ளைச் சின்ன வலையால் அள்ளி, வெள்ளைத் தட்டில் பரப்பி, எண்ணி, நோட்டில் எழுத வேண்டும். நான் ஏழாவது வரை படித்தவள். எண் நன்றாக எழுதுவேன். முதல் தொட்டியில் ஒன்று, இரண்டு இருக்கும், சில நாள் ஒன்றுமே இருக்காது. இரண்டாவதில் பதினொன்று. பதினாறு. இருபது. எழுதிவிட்டுத் துடைப்பத்தை எடுப்பேன்.

அந்தப் பெண்ணுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. போன வருஷம் கொண்டுவந்தவை வழியிலேயே பாதி செத்து, மீதியும் நிற்கவில்லை. ஒரு முறை தவணை நீட்டிக் கொடுத்திருந்தார்கள். ஐந்து மாதம் முடிந்ததும் பெரியவர்கள் குழு முன்னால் நின்று, என்ன கண்டாய் என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் ஊருக்குப் போக வேண்டியதுதான் என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள், ஆனால் விரலில் நகமே இருக்காது, கடித்துத் தின்றிருப்பாள்.

நாலாவது மாதம் ஒரு காலையில் இரண்டாம் தொட்டியில் ஒன்றின் தலை மொட்டையாக இருந்தது. ஒரு பக்கம் முள்ளெல்லாம் போய், தோல் மாதிரித் தெரிந்தது. பாசியை மேலேயே வைத்தும் தின்னவில்லை. தட்டில் இருபத்தாறு முள். எண்ணி எழுதினேன். எழுதிவிட்டு நின்றேன்.

என் இரண்டு பிள்ளைகளுக்கும் காய்ச்சல் வந்தால், டாக்டரிடம் போகிறோமோ இல்லையோ, ஒரு சிட்டிகை விபூதியைத் தண்ணீரில் போட்டு "முருகா" என்று சொல்லிக் குடிக்க வைப்பேன். எதிர்வீட்டுக்காரர்கள் ஆட்டுக்கும் வைப்பார்கள். பையில் எப்போதும் சின்ன டப்பாவில் பழனி விபூதி இருக்கும். கை தானாகப் போய்த் திறந்தது. ஒரு சிட்டிகை. வெள்ளையாகப் புகை மாதிரி இறங்கிக் கலைந்துபோனது. யாரும் பார்க்கவில்லை.

மறுநாளும் போட்டேன். அதற்கு மறுநாளும். மூன்றாம் தொட்டிக்கு ஏன் போடவில்லை என்று பிற்பாடு அவள் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. மொட்டையானது இரண்டாவதில் இருந்தது, அவ்வளவுதான்.

வேண்டுதல் ஒன்று வைத்தால், அது பலிக்கும்வரை வெளியே சொல்லக்கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். அதனால் சொல்லவில்லை. வீட்டுக்காரர்தான் விபூதி தீர்வதைக் கண்டுபிடித்தார்.

"என்னடீ, ஆறு மாசம் வர்ற விபூதிப் பொட்டலம் அதுக்குள்ள காலியா? நெத்திக்குப் பூசுறியா, இட்லிக்குத் தொட்டுக்கிறியா?"

"வேலை எடத்துல நாலு பேரு கேக்குறாங்க."

"அந்த நாலு பேருக்கும் நெத்தி அவ்ளோ அகலமா?"

மூன்று வாரம் போயிருக்கும். தட்டில் முள் குறைந்துகொண்டே வந்தது. பதினெட்டு, ஒன்பது, நாலு. மொட்டைத் தலைக்காரன் பாசி தின்ன ஆரம்பித்தான். இன்னொன்றும் நடந்தது, எனக்கு அது அப்போது புரியவில்லை. தண்ணீரைப் புளிக்க வைக்க இரண்டாம் தொட்டிக்குள் விடுகிற அந்தச் சோடாக் காற்று சிலிண்டர், வழக்கமாக வருகிற நாளைவிடச் சீக்கிரம் தீர்ந்தது. அந்தத் தொட்டியில் ஒரு மீட்டர் தொங்கும். தண்ணீரில் புளிப்பு குறைந்தால் அது தானாகக் காற்றைத் திறந்து புளிப்பைச் சரிபண்ணிவிடும். அதனால் மீட்டரில் எண் மாறவே இல்லை. சிலிண்டர் கொண்டுவருகிறவன் குறைத்து அடைத்து ஏமாற்றுகிறான் என்று பாப்பா அவனைப் போனில் திட்டித் தீர்த்தாள். மாதம் ஒரு முறை பாட்டிலில் பிடித்து வெளியே அனுப்புகிற தண்ணீரின் ரிசல்ட்டும் இன்னும் வந்திருக்கவில்லை.

அப்புறம் நோட்டைப் பார்த்தாள். ஒரு பக்கம் திருப்பி, முந்தின பக்கம் திருப்பி, மறுபடி பார்த்தாள்.

"அக்கா! சரியாத்தான எண்ணுனீங்க?"

"ஒண்ணு விடல."

"தாங்குதுக்கா! முதல்ல கஷ்டப்பட்டுட்டு அப்புறம் பழகிருது. மூணாவதுல இன்னும் உதிருறது பிளாஸ்டிக்காலதான். எங்க சார்கிட்டச் சொன்னா நம்பவே மாட்டாரு." என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் கை சூடாக இருந்தது. உடனே அம்மாவுக்குப் போன் போட்டு, கடலுக்கு ஒன்றும் ஆகாது போலிருக்கும்மா என்று சத்தமாகச் சொன்னாள். வியாழக்கிழமை குழு முன்னால் இதைத்தான் சொல்லப் போவதாகச் சொன்னாள்.

வேண்டுதல் பலித்துவிட்டது. புதன்கிழமை காலையில் சீக்கிரம் எழுந்து சர்க்கரைப் பொங்கல் வைத்து, முருகனுக்குப் படைத்து, ஒரு டப்பாவில் எடுத்துப் போனேன். எனக்குள் பெரிய சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். செய்ய வேண்டியதைச் செய்கிறோம் என்றுதான் இருந்தது. ஆனால் பஸ்ஸில் டப்பா மடியில் சுட்டது. அது நன்றாக இருந்தது.

அவள் கம்ப்யூட்டரில் படங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். பொங்கலை ஒரு வாய் போட்டுக்கொண்டு, "என்ன விசேஷம்க்கா?" என்றாள்.

"வேண்டுதல்மா. முருகன் காப்பாத்திட்டான். தினம் ஒரு சிட்டிகை விபூதி போட்டேன், பாரு, எல்லாம் தேறிடுச்சு."

"எதுல போட்டீங்க?"

"ரெண்டாம் தொட்டியில."

மென்றுகொண்டிருந்தவள் நிறுத்தினாள். துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து விழுங்கினாள்.

"விபூதி டப்பா இருக்கா?"

கொடுத்தேன். கண்ணாடித் தட்டில் கொஞ்சம் கொட்டி, ஒரு பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு ஆசிட் விட்டாள். விபூதி பொங்கியது. சோறு பொங்குகிற மாதிரி நுரைத்து அடங்கியது.

"இது சாணிச் சாம்பல் இல்லக்கா. கடைச் சரக்கு. சுண்ணாம்புக் கல்லுப் பொடி."

"பழனியில வாங்குனது."

"எங்க வாங்குனாலும். அதுங்க ஓடு எதுல ஆயிருக்கோ, அதே. தண்ணி ஓட்டைக் கரைக்கிறதுக்குப் பதிலா நீங்க போட்டதைக் கரைச்சுச்சு. அதுங்க தாங்கல. நீங்க தீனி போட்டு வளத்திருக்கீங்க."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. சின்னத் தராசை எடுத்து வைத்து, மேலே ஒரு காகிதம் போட்டு, "எப்பவும் போடுற மாதிரி ஒரு சிட்டிகை போடுங்க" என்றாள். போட்டேன். எழுதினாள். காகிதத்தைத் துடைத்துவிட்டு, "இன்னொண்ணு" என்றாள். பத்து முறை. பத்தையும் எழுதிக்கொண்டாள். எந்தத் தேதியிலிருந்து என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை போட்டேனா என்று கேட்டாள். ஞாயிறு எனக்கு லீவு என்றேன். அதையும் எழுதினாள். என் விரலில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. நெற்றியில் பூசிக்கொள்ளலாமா, கழுவிவிடலாமா என்று தெரியாமல் விரலை அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன்.

"நாளைக்கு என்னம்மா சொல்லுவ?"

"நடந்ததைச் சொல்லுவேன்."

"என்னைச் சொல்லிடு. நான் வேணா வந்து நிக்கிறேன்."

"வந்து என்னக்கா சொல்லுவீங்க? முருகன் காப்பாத்துனான்னா?" என்றாள். கோபத்தில்தான் சொன்னாள். பிறகு, "விபூதி புளிப்பைக் கொறைக்கக் கொறைக்க மீட்டர்தான் காத்தைத் திறந்து வுட்டிருக்கு. அந்தச் சிலிண்டர்காரர்கிட்டச் சாரி கேக்கணும்" என்றாள்.

வீட்டில் சொன்னேன். இந்த முறை அவர் கிண்டல் பண்ணவில்லை. சாப்பிட்ட கையோடு உட்கார்ந்திருந்துவிட்டு, "லேத்துல அளவு பாத்துட்டிருக்கும்போது ஒருத்தன் வந்து நல்லதுக்குன்னே ஒரு தட்டு தட்டுனா, அந்தப் பீஸ் குப்பைக்குத்தான்" என்றார். "ஆனா நீ சொல்லாம விட்டிருந்தா இன்னும் மோசம். அந்தப் பொண்ணு கடல் நல்லா இருக்குன்னு எழுதியிருக்கும்."

வியாழக்கிழமை நான் கதவுக்கு வெளியே மாப் வைத்துக்கொண்டு நின்றேன். துடைத்த இடத்தையே துடைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தாள். மறுபடி ஐந்து மாதம் கொடுத்திருக்கிறார்கள், அதற்கு மேல் ஒரு நாள் கிடையாது என்றாள். இரண்டாம் தொட்டியைக் காலி பண்ணி, புதிதாகத் தொடங்க வேண்டும். என்னை வேறு மாடிக்கு மாற்றச் சொன்னார்களாம். முள் எண்ணுவதை அக்காவே தொடரட்டும் என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

"ஏன்மா அப்படிச் சொன்ன?"

"நீங்க எண்ணுனது ஒண்ணுகூடத் தப்பில்ல. நான் ஃபோட்டோ வச்சுச் சரிபாத்துட்டேன்."

அன்றைக்கு மத்தியானம் அந்த மொட்டைத் தலைக்காரனையும் மற்றவற்றையும் வலையில் எடுத்து வேறு வாளிக்கு மாற்றினேன். தலையில் குட்டி குட்டியாகப் புது முள் வந்திருந்தது. அவற்றை என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை.

பதினைந்து நாளில் ராமநாதபுரத்திலிருந்து பெட்டியில் புது முள்ளெலிகள் வந்தன. இப்போது அறைக்கு வெளியே ஒரு வாஷ்பேசின் இருக்கிறது. முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். விபூதி டப்பாவைக் கீழே லாக்கரில் வைத்துவிடுகிறேன். நெற்றியில் இருப்பதை அழிக்கச் சொல்லி அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. நானாகத்தான் தலைமேல் பிளாஸ்டிக் தொப்பியை இறக்கி, நெற்றி மறைய மாட்டிக்கொள்கிறேன். குனியும்போது ஒரு துளி விழுந்துவிடக்கூடாது.

விளக்கு ஏற்றுகிறேன். கவசம் சொல்கிறேன். முடிவில் என்ன கேட்பது என்றுதான் தெரியவில்லை. இவை பிழைக்க வேண்டும் என்று கேட்டால் அவள் படிப்புக்கு என்ன ஆகும் என்று தெரியாது. சாக வேண்டும் என்று கேட்க வாய் வராது. அதனால் எதுவும் கேட்காமல் கும்பிட்டுவிட்டு வருகிறேன். முருகனுக்கு இது பழகிவிட்டதா என்று தெரியாது. எனக்குப் பழகிவிட்டது.

நேற்று இரண்டாம் தொட்டியில் பதினாலு முள் கிடந்தது. ஒரு முள்ளெலி, மற்றவற்றிலிருந்து உதிர்ந்ததைப் பொறுக்கித் தன் தலைமேல் வைத்துக்கொண்டு கண்ணாடி ஓரமாக நின்றது. அங்கே கிளிஞ்சல் ஏது, கிடைத்ததை எடுத்துக்கொண்டது.

"பாப்பா, இது தலையில வச்சிருக்கிறதையும் எண்ணணுமா?"

அவள் நாற்காலியில் இருந்தபடியே, "உதிர்ந்ததுதானக்கா, எண்ணுங்க" என்றாள்.

கண்ணாடியோடு முகத்தை ஒட்டி வைத்து எண்ணினேன். ஆறு. நோட்டில் இருபது என்று எழுதினேன்.