சோலையின் அறுபத்தொரு ஊர்ப்பெயர்கள்

அருப்புக்கோட்டை பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறாள் ஷர்மிளா பானு. கடை திறந்த புதிதில் எட்டிப் பார்த்தவர்கள், "ஆம்பளை ஆளு எப்ப வருவாக?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஆறு வருடத்தில் அந்தக் கேள்வி நின்றுவிட்டது. மற்ற கடைகளில் கைவிட்ட போன்களும் அவளிடம் வர ஆரம்பித்தன. முடியாது என்று சொல்லும் பழக்கம் அவளை விட்டே போயிற்று. சோலையின் ஐபாடில் அவள் மாட்டிக்கொண்டது அதனால்தான்.

சோலை மல்லாங்கிணற்றுக்காரர். ஆட்டோவில் மைக் செட் கட்டி ஊர் ஊராக விளம்பரம் சொல்வது தொழில். தொண்டையில் புற்றுநோய், குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, ஆபரேஷனுக்கு முன் கிடைத்த பத்து நாளில் அவர் ஒரு காரியம் செய்தார். மச்சினன் கொடுத்த பழைய ஐபாடில் சுற்றுவட்டார ஊர்ப்பெயர்கள், கிழமைகள், நேரங்கள், "பெரியோர்களே, தாய்மார்களே" எல்லாவற்றையும் தனித்தனியாகப் பேசிப் பதிந்துகொண்டார். இப்போது அவற்றைத் தட்டித் தட்டித்தான் தொழில் ஓடுகிறது.

"சார்ஜு நிக்க மாட்டேங்குது. உள்ள இருக்கதை இந்தப் போனுக்கு மாத்திக் குடு தாயி" என்றாள் அவர் மனைவி சந்தனம்மாள்.

அரை மணி நேரம் போதும் என்றாள் ஷர்மிளா. கம்பெனி போட்ட பூட்டை உடைத்து உள்ளே நுழையும் ஜெயில்பிரேக் வேலையை வீடியோவில் பார்த்திருந்தாளே தவிர, செய்ததில்லை. பதிவுகளை வெளியே எடுக்க அதுதான் வழி என்று நினைத்துத் தொடங்கினாள்; பாதியில் திரை அணைந்தது. பிறகு ஆப்பிள் படம் மட்டும் வருவதும் மறைவதுமாக இருந்தது. அதைத் தாண்டவேயில்லை.

பழைய சாமான், தானாகப் போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். சோலை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான்ணே கெடுத்துட்டேன். நகல் எடுக்காம கை வச்சிட்டேன்."

சந்தனம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "அவுக தொண்டையே அதுக்குள்ளதான இருக்கு."

சோலை சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக் காட்டினார். 'நாளைக்கு வாரேன். பாருங்க.'

அவர்கள் போனதும் மதியச் சோற்றை ஒதுக்கி வைத்துவிட்டு வேலையில் இறங்கினாள். இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்திப் பிடித்து ஐபாடைக் கம்ப்யூட்டரில் மாட்டினாள். திரையில் இரண்டு வழி வந்தது. ரீஸ்டோர் கொடுத்தால் கருவி பிழைக்கும், உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். அப்டேட் கொடுத்தால் இரண்டும் பிழைக்கலாம். அப்டேட் கொடுத்தாள். பாதியில் நின்றது. மறுபடி கொடுத்தாள், மறுபடியும் நின்றது. தளர்ந்த கேபிளாலும் இப்படி ஆகும் என்று எங்கோ ஒருவர் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, புதுக் கேபிளை எடுத்து வேறு துளையில் சொருகினாள். ஐந்தாவது தடவை அப்டேட் கோடு கடைசிவரை ஓடியது; ஐபாட் திறந்தது.

பதிவுகள் இருந்தன. பூட்டை உடைக்காமலே அவற்றைக் கம்ப்யூட்டருக்கு இழுத்திருக்கலாம் என்பது அப்புறம்தான் அவளுக்குத் தெரிந்தது. தன்னைத்தானே திட்டிக்கொண்டு மூன்று இடத்தில் நகல் எடுத்தாள். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டாள். கனத்த, நிதானமான குரல். அந்த மனிதர் பேசி அவள் கேட்பது அதுதான் முதல் தடவை. அறுபத்தொரு ஊரில் ஒன்று மட்டும் வெறும் இரைச்சலாக இருந்தது.

மறுநாள் அவர்கள் வந்ததும் அதைத்தான் முதலில் சொன்னாள். "நரிக்குடி மட்டும் போயிருச்சுண்ணே. அது என் தப்பு."

அவள் பதிவுகளை ஏற்றி வைத்திருந்த போனைச் சோலை வாங்கித் தட்டினார். பாலவனத்தம் கேட்டது, திருச்சுழி கேட்டது. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மனைவியைக் காட்டி, போனைக் காட்டினார்.

"நானா? எனக்கெல்லாம் வராது."

அவர் போனை அவள் வாயருகே பிடித்தார். யாரோ பஸ்ஸில் ஊர் கேட்டதுபோல "நரிக்குடி" என்றாள் சந்தனம்மாள். சோலை தலையை ஆட்டி, இரண்டு கையையும் அகல விரித்து இழுத்துச் சொல்லும்படி காட்டினார். நாலாவது தடவை சொன்னதுதான் அவருக்குப் பிடித்தது. ஷர்மிளா அதையும் வரிசையில் சேர்த்தாள்.

அடுத்த வாரம் சந்தனம்மாள் போன் செய்தாள். "பொம்பளைக் குரலு வரவும் நரிக்குடியில எல்லாரும் திரும்பிப் பார்த்தாக. இப்ப இவுக இன்னும் ரெண்டு ஊரைப் பேசச் சொல்லி உசிர வாங்குறாக. என்னைக்கு வரட்டும் தாயி?"